மேலே நெல், கீழே கரி

தஞ்சைத் தரணிக்குக் காவிரி சோறூட்டுகிறது. மன்னார்குடி வட்டாரத்து வயல்களின் அடியிலோ பழுப்பு நிலக்கரி உறங்குகிறது. 1956-இல் தோன்றிய நெய்வேலி நிறுவனம் இத்தகைய கரியைக் கொண்டே தமிழகத்துக்கு ஒளி தந்தது. அதனை நாம் நன்றியோடு ஏற்கிறோம். ஆயினும், அங்கே கரிப்படிவத்தின் கீழ் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடையறாது இறைத்தால்தான் சுரங்கம் தோண்ட இயலும். காவிரிப் படுகையிலும் அவ்வாறு இறைத்தால், மேட்டூர் அணை திறவாத மாதங்களில் உழவரைக் காக்கும் குழாய்க்கிணறுகள் என்னாகும்?

2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பின் கிழக்குப் பகுதி ஆகியவை மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்றன. எதிர்ப்பு எழவே, அவ்வாண்டு ஏப்ரலில் நீக்கப்பட்டன. கரியோ கீழேதான் இருக்கிறது. வினாவும் மீண்டும் எழலாம். தோண்டிய கரி மறுபடி விளையாது. நெல்லோ, நீருள்ளவரை ஆண்டுதோறும் விளையும். நம் மக்களுக்கு நாம் விட்டுச்செல்ல வேண்டியது எது என்பதை அன்பர்கள் சிந்திப்பார்களாக!