சிகாகோவின் முதல் தொகுதி: ஓர் இருக்கையின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நாடாளுமன்றத்தைக் காங்கிரஸ் என்பர். (நம் நாட்டுக் கட்சியின் பெயரோடு மாணவர் இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா.) அதன் கீழவையாகிய பிரதிநிதிகள் சபைக்கு ஈராண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடைபெறும். அச்சபையின் 435 தொகுதிகளுள் இல்லினாய் மாநிலத்தின் முதல் தொகுதி, அதாவது சிகாகோ நகரின் தென்பகுதி, தனித்து நோக்கத்தக்கது. 1929 முதல் அத்தொகுதியின் உறுப்பினராய் இருந்தோர் அனைவரும் கறுப்பினத்தவரே. இதனை எடுத்துரைத்துப் பெருமிதம் கொள்வோர் உளர். அப்பெருமிதத்தில் பாதியே நியாயம் என்பது என் கருத்து. தம்மவர் ஒருவர் அவையில் அமர்ந்துவிட்டால் போதும் என்று எண்ணும் எச்சமூகமும் இவ்வரலாற்றை முழுமையாகப் படித்தல் நலம்.

1901இல் வட கரோலினாவின் ஜார்ஜ் ஒயிட் விடைபெற்றபின், 28 ஆண்டுகள் அச்சபையில் ஒரு கறுப்பினத்தவரும் இல்லை. தென்மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு, வாக்குவரி, வன்முறை ஆகியவற்றால் அவர்தம் வாக்குரிமையைப் பறித்தன. பிழைப்பும் மானமும் தேடி அவர்கள் வடக்கே சிகாகோவின் இறைச்சிக்கூடங்களுக்கும் எஃகு ஆலைகளுக்கும் பெயர்ந்தனர். அங்கோ, கறுப்பினத்தவர்க்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று சொத்துப் பத்திரங்களிலேயே எழுதிவைத்தனர். ஆகவே தென்பகுதியின் குறுகிய நிலப்பரப்பிலேயே அனைவரும் நெருங்கி வாழ நேர்ந்தது. ஊர்ப்புறத்தார் ஆதிக்கம் மிக்க மாநிலச் சட்டமன்றம் 1901இல் வரைந்த தொகுதி எல்லைகளை 1940களின் பிற்பகுதி வரை தொடவே இல்லை. 1946இல் வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது, அம்மாநிலத்தில் ஒரு தொகுதியில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோரும் வேறொன்றில் 1,12,000 பேரும் இருந்தனர்! ஒதுக்கிவைத்த வெறுப்பும் எல்லையை மாற்றாத அலட்சியமும் சேர்ந்து, எவரும் கருதாமலே அம்மக்களுக்கு ஓர் இருக்கையைத் தந்தன எனலாம்.

1928இல் குடியரசுக் கட்சியின் மார்ட்டின் மேடன் மறையவே, கட்சியின் வட்டார நிருவாகிகள் ஆஸ்கர் டி பிரீஸ்ட் என்பாரை நிறுத்தினர், அவர் வென்றார். ஆயினும் பெருமந்தக் காலத்தில் அரசின் துயர்நீக்க உதவிகளை அவர் எதிர்த்தார். லிங்கனின் கட்சி என்ற நன்றிக்கடனை மறவாத மக்களே 1934இல் அவரை அகற்றி, ஜனநாயகக் கட்சியின் ஆர்தர் மிச்செலைத் தேர்ந்தனர். அவரும் கறுப்பினத்தவரே. 1937இல் முதல் வகுப்புச் சீட்டு இருந்தும் ஆர்கன்சாவில் இரயில் பெட்டியினின்று வெளியேற்றப்பட்ட மிச்செல், உச்ச நீதிமன்றத்தில் தாமே வாதாடி 1941இல் வென்றார்.

அடுத்து வந்த வில்லியம் டாசனைப் பற்றி இருவேறு தீர்ப்புகள் உண்டு. 1943 முதல் 1970இல் மறையும் வரை அவர் உறுப்பினர். 1949இல் சபையின் நிலைக்குழுவொன்றுக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவரும் அவரே. ஆனால் சிகாகோவில் அவர் கட்சிப் பொறியின் ஓர் உறுப்பு. வாக்குக்கு ஈடாக வேலைகள் வழங்கப்பட்டன. வீட்டுவசதி, பள்ளி ஆகியவற்றில் நிலவிய அநீதியை எதிர்த்து அவர் குரல் ஓங்கியதில்லை. வேலை பெற்ற குடும்பங்களுக்கு அது சிறு நன்மையன்று என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அவ்விலை மிக அதிகம் என்றே நான் கருதுகிறேன்.

ஈண்டு ஒன்றை விளக்குதல் வேண்டும். ஒரே கட்சி ஓங்கிய தொகுதியில் பொதுத்தேர்தல் பெயரளவினதே. கட்சி வேட்பாளரை வாக்காளரே தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலே உண்மைப் போட்டி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெசி ஓவன்சுடன் தொடரோட்டத் தங்கம் வென்ற ரால்ஃப் மெட்காஃப், டாசனுக்குப்பின் கட்சியின் தயவால் வந்தவர். 1972இல் கறுப்பினப் பல்மருத்துவர் இருவரைக் காவலர் கொடுமைப்படுத்தியபோது, அவர் நகரத் தலைவர் டேலியை எதிர்த்து நின்றார். 1976இல் கட்சி அவருக்கு எதிராக வேறொருவரை நிறுத்தியது. மக்கள் மெட்காஃபையே பெருவாரியாக வெல்லச் செய்தனர். என் மதிப்பில் அத்தொகுதியின் உண்மை விடுதலை நாள் அதுவே. 1978இல் அவர் மறைந்ததும் நிருவாகிகள் பென்னட் ஸ்டூவர்டை அமர்த்தினர். 1980 முதனிலைத் தேர்தலில் ஹெரால்ட் வாஷிங்டன் அவரைத் தோற்கடித்தார். அதே வாஷிங்டன் 1983இல் சிகாகோவின் முதல் கறுப்பின நகரத் தலைவரானார்.

அவ்விழிப்பு என்றும் ஒரே அளவில் இருந்ததில்லை. 1992இல் வென்ற பாபி ரஷ் முப்பதாண்டுகள் நீடித்தார். 2000இல் அவரை எதிர்த்த பராக் ஒபாமாவை ‘நம்மவர்தானா?’ என்று ஐயுற்றோர் பலர். ரஷ் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் வென்றார். ஒபாமா கண்ட ஒரே தேர்தல் தோல்வி அதுதான். 2022இல் ரஷ் விலகியபோது பதினைந்துக்கும் மேற்பட்டோர் முதனிலைத் தேர்தலில் நின்றனர். ஜெசி ஜாக்சனின் மைந்தர் ஜோனதன் ஜாக்சன், பதிவான வாக்குகளில் மூன்றில் ஒரு பங்கும் பெறாமலே வெற்றி கண்டார். அந்த நவம்பரில் பொதுத்தேர்தல் வெறும் சடங்காகவே நடந்தேறியது.