சாகே: காஸ்ட்லி பாட்டில்தான் பெஸ்ட்டா?

ஜப்பானின் அரிசி மதுவான சாகே வாங்கும்போது பலரும் முதலில் பார்ப்பது, லேபிளில் உள்ள சதவீதத்தை. அரிசியைத் தீட்டிய பிறகு மிஞ்சும் அளவு அது. 60 அல்லது அதற்குக் கீழ் என்றால் கின்ஜோ. 50 அல்லது அதற்குக் கீழ் என்றால் டைகின்ஜோ. எண் குறையக் குறைய விலை எகிறும்.

அப்போ டைகின்ஜோதான் பெஸ்ட்டா? தனியாக ருசி பார்க்க, சரி. பழ வாசனை தூக்கலாக இருக்கும். ஆனால், சாப்பாடு வந்துவிட்டால் கதையே வேற. ஜில்லென்ற டைகின்ஜோ, வெள்ளை மீன் சஷிமிக்குப் பொருந்தும். சோயா சாஸ் தடவிச் சுட்ட யாகிடோரி சிக்கன் முன்னால் அந்த மென்மையான மணம் காணாமல் போய்விடும். அங்கே கைகொடுப்பது, விலை குறைந்த சாதாரண ஜுன்மாய்தான். 45 டிகிரிக்குச் சூடாக்கினால் அரிசியின் ருசி இன்னும் நன்றாகத் தெரியும்.

கோஜி பூஞ்சையைக் கொண்டு சாகே தயாரிக்கும் பாரம்பரியக் கலையை 2024-ல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. ஆனால், ஜப்பானுக்குள் சாகே விற்பனை 1970-களின் உச்சத்தில் பாதிகூட இப்போது இல்லை. விசேஷ நாளில் மட்டும் திறக்கும் காஸ்ட்லி பாட்டிலால் இந்தக் கலை பிழைக்காது. தினசரிச் சாப்பாட்டில் இடம் கிடைத்தால்தான் பிழைக்கும்.

அதனால் கடையில் “எது உசத்தி?”ன்னு கேட்காதீங்க. “இன்னைக்கு இதைத்தான் சாப்பிடப் போறேன், எது செட் ஆகும்?”னு கேளுங்க.