சாலை குறுகினால் யாருக்கு நன்மை?

சென்னை பாண்டி பஜாரில் பண்டிகைக்குத் துணி எடுக்கப் போனவர்களுக்கு அந்தப் பழைய நாள்கள் நினைவிருக்கும். இருபுறமும் வண்டிகள் நிற்க, நாம் பைகளோடு சாலையில் இறங்கி நடந்தோம். 2019 நவம்பரில் அங்கே வாகனங்கள் ஓடும் பகுதியைக் குறுக்கி, நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள். இருக்கிற சாலையையும் குறைத்தால் நெரிசல் அதிகமாகாதா என்று பலர் கேட்டனர். நியாயமான கேள்விதான்.

ஆனால் அகலமான, நேரான சாலையைக் கண்டால் ஓட்டுபவரின் கால் தானாகவே வேகத்தைக் கூட்டுகிறது. 'மெதுவாகச் செல்லவும்' என்ற பலகையை யார் பார்க்கிறார்கள்? பாதை குறுகி, திருப்பமும் ஒடுங்கினால் வேகம் குறைகிறது. கடப்பவருக்கும் தூரம் குறைகிறது. முதியவர்களுக்கு இது பெரிய உதவி. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2007-இல் வத்திக்கான் வாகன ஓட்டிகளுக்கென்று பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. சாலையில் வலிமை குறைந்தவரைப் பாதுகாக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அது மனச்சான்றோடு பேசுகிறது. காலை ஒன்பது மணி அவசரத்தில் மனச்சான்று சற்று உறங்கிவிடுகிறதே! அப்போது குறுகிய சாலைதான் பிரேக்கை மிதிக்க வைக்கிறது.

நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் வேக வரம்பைக் குறைத்தார்கள். நகர மையத்தில் தெருவோரம் கார் நிறுத்தும் இடங்களை எடுத்தார்கள். 2019-இல் அந்நகரச் சாலைகளில் நடந்து சென்றவரோ சைக்கிளில் சென்றவரோ ஒருவர்கூட இறக்கவில்லை.

சென்னை மாநகராட்சியும் 2014-இலேயே, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் செலவிட வேண்டும் எனக் கொள்கை வகுத்தது. அந்தக் கொள்கை எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும்? பாண்டி பஜாரில் நடப்பவர்களில் பலர் காரிலிருந்து இறங்கியவர்கள். அங்கே நடைபாதையில் கடை போட்டிருந்த வியாபாரிகளோ 2013-இலேயே ஒரு வளாகத்துக்குள் மாற்றப்பட்டார்கள். பேருந்தை விட்டு இறங்கி வீட்டு வேலைக்கு நடந்து போகும் பெண்ணுக்கும், அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் நடப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர்கள் போகும் தெருக்களில் நடைபாதை எங்கே இருக்கிறது?

தொலைவில் போவானேன்? ஞாயிறு திருப்பலி நேரத்தில் எத்தனையோ ஆலயங்களின் முன்னால் நடைபாதை முழுவதும் நம் இருசக்கர வண்டிகள்தாம். கைக்குழந்தையோடு நடந்து வருபவர் சாலையில் இறங்கித்தான் ஆலய வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது.