பழைய வேனில் புதுக் குடித்தனம்

ராமேஸ்வரம், தேவிபட்டினம், திருப்புல்லாணி என்று குடும்பத்தோடு கிளம்பினால் படுக்க, உட்கார வசதியாக இருக்கட்டுமே என்று எங்கள் வீட்டுக்காரர் ஒரு பழைய மெட்டடோர் வேனை வாங்கினார். உள்ளே சீர் பண்ணுவது என் பொறுப்பு!

சகோதரிகளே, எடுத்த எடுப்பில் ரெக்சின், திரைத்துணி என்று கடைக்கு ஓடாதீர்கள். கூரை மேல் நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி, உள்ளே நின்று எங்கே கசிகிறதென்று பாருங்கள். தரைப் பலகையையும் பெயர்த்துப் பார்க்கணும். கடல்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலமே துருவால் 2022-ல் ஓய்ந்ததே, இந்தத் தகரம் எம்மாத்திரம்? நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, துருவைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு அடித்த பிறகுதான் புதுப் பலகை.

பழைய ஸ்பாஞ்சு சீட்டைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். அதிலுள்ள பூஞ்சை, இளைப்பு உள்ள குழந்தைகளுக்கு ஆகாது. புது மெத்தைக்கு நாடா வைத்த பருத்தி உறை தைத்தால் கழற்றித் துவைக்கலாம்.

அடுப்பு மேடையும் வேண்டும் என்றார் மாமியார். நான் மட்டும் மாட்டேன் என்றுவிட்டேன். 2023 ஆகஸ்ட் 26-ல், மதுரையில் நின்றிருந்த யாத்திரை ரயில் பெட்டியில் கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் போனார்களே! கரியடுப்பும் கூடாது. மூடிய வண்டிக்குள் அதன் வாசனையில்லாத விஷவாயு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

(வண்டியின் அமைப்பையே மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.)

அடுப்பு மேடைக்கு விட்டிருந்த இடத்தில் இப்போது தண்ணீர்க் குடமும் புளியோதரைத் தூக்கும் உட்கார்ந்திருக்கின்றன.