வாடகை வீட்டின் சாவி



குவைத் நாட்டின் மங்காஃப் பகுதியில் 2024 ஜூன் 12 அன்று அதிகாலையில், தொழிலாளர்கள் நூற்றுத் தொண்ணூறு பேருக்கும் மேல் தங்கியிருந்த அடுக்குமாடியில் தீப்பற்றியது. மின்கோளாறினால் கீழ்த்தளத்தில் எழுந்த நெருப்பின் புகை படிக்கட்டு வழியே மேலேறியது. அறைகளைப் பிரித்திருந்த தடுப்புகளோ எளிதில் எரியும் பொருளால் ஆனவை; மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. உறக்கத்திலேயே மூச்சடைத்து இறந்தவர்கள் பலர். 45 இந்தியர்களின் உடல்களைச் சுமந்த விமானப்படை விமானம் ஜூன் 14 அன்று கொச்சியில் இறங்கியது. அன்று வெள்ளிக்கிழமை; ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்றே நாள்கள் இருந்தன. இறந்த தமிழகத்தார் எழுவருள் ஒருவர் நம் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்.

அன்று கட்டட உரிமையாளரின் பேராசையை நாம் எல்லோரும் சபித்தோம். சபித்தது தவறன்று. ஆனால் அதே வாயால் நாம் நம் வீடுகளைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

பெருமுக்கலிலிருந்து மரக்காணம் செல்லும் வழியில், கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலத்தார் தங்கியிருந்த வீடொன்றுக்கு, காய்ச்சலில் கிடந்த ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தோம். இரண்டு அறைகள், பதினான்கு பேர், ஒரே வாசல். அந்த வாசலை ஒட்டியே அடுப்பும் சிலிண்டரும். ஜன்னலைச் சாக்கினால் அடைத்திருந்தார்கள். பின்கதவின் தாழ்ப்பாள் உப்புக் காற்றில் துருவேறி இறுகிப் போயிருந்தது. ஒரே பிளக்கிலிருந்து ஏழெட்டு செல்பேசிகளுக்கு மின்சாரம் போனது. வீட்டின் உரிமையாளர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். வட்டியைத் தொடாதவர், ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். வாடகை ஹலாலான வருமானம் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. நமக்குத்தான் அன்று ஐயம் வந்தது.

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இஜாரா பாடத்தை ஓதிக் கொடுக்கும்போது ஒரு சட்டத்தை விரைவாகக் கடந்துவிடுவோம். வீட்டின் சாவியை வாடகைக்கு வருபவரிடம் ஒப்படைப்பது உரிமையாளர் மீது கடமை. வீட்டைப் பழுதுபார்ப்பதும் அவர் பொறுப்பே. அவர் உடனே செய்யாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. ஏனெனில் இஜாராவில் விற்கப்படுவது சுவரும் கூரையும் அல்ல, அங்கே குடியிருக்கும் பயன். உயிருக்கு அஞ்சாமல் உறங்க முடியாத வீட்டில் நாம் எந்தப் பயனை விற்று வாடகை வாங்குகிறோம்? பின்கதவு திறக்காத வீட்டின் சாவியை முழுமையாக ஒப்படைத்தோம் என்று சொல்ல முடியுமா?

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு எரிந்த செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கும் முன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அவர்கள் அறிவுறுத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. இன்றைய வீட்டில் நெருப்பு சுவருக்குள் ஓடும் கம்பியிலும் இருக்கிறது. அதை அணைத்துவிட்டு உறங்குவது குடியிருப்பவரால் ஆகாது. மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவியை வீட்டுக்காரர்தான் பொருத்த வேண்டும்.

நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கேட்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை மின்கம்பிப் பழுதை உரிமையாளர் கணக்கில் வைக்கிறது. பெண்களுக்கும் சிறுவர்களுக்குமான விடுதிகள் பதிவு பெற வேண்டுமென 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது இருந்தும் 2024 செப்டம்பரில் மதுரையில் பெண்கள் விடுதியொன்றில் குளிர்சாதனப் பெட்டி வெடித்து உயிரிழப்பு நேர்ந்தது. ஆண்கள் பத்துப் பேராய்ச் சேர்ந்து தங்கும் வீடுகளுக்கு அந்த 2014ஆம் ஆண்டுச் சட்டமும் பொருந்தாது.

அதிகாரி வரட்டும் என்று ஜமாஅத் காத்திருக்கத் தேவையில்லை. முதலில் பள்ளிவாசலுக்குச் சொந்தமான வாடகை வீடுகளைத் திறந்து பார்ப்போம். அங்கே மின்கம்பி பழுதாக இருந்தால் பிறருக்கு அறிவுரை சொல்ல நமக்கு வாயில்லை. பிறகு நம்மவர்களின் வீடுகளை ஓர் எலெக்ட்ரீஷியனோடு சென்று பார்க்கலாம். ஓர் அறையில் எத்தனை பேர் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். அந்த எண்ணைக் குறைத்தால் வருமானம் குறையும், உண்மைதான். ஒரே வீட்டின் வாடகையில் காலம் தள்ளும் விதவைத் தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கம்பி மாற்ற பைத்துல்மாலிலிருந்து அழகிய கடன் கொடுப்பதைவிட அந்தப் பணத்துக்கு நல்ல செலவு நமக்குத் தோன்றவில்லை.

அந்த வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொன்னோம். முதலில் முகம் சுளித்தார். "ஹஜ்ரத், அவங்களே ஒண்ணும் கேக்கலையே" என்றார். துபாயில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு இருக்கும் தம் மகனும் அங்கே எதுவும் கேட்பதில்லை என்று அவரே சற்று நேரம் கழித்துச் சொன்னார். மறுவாரம் பின்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வந்தது, அடுப்பு கொல்லைப்புறம் போனது. பதினான்கு பேர் என்பது மட்டும் இன்னும் பதினான்காகவே இருக்கிறது. அதற்காக மீண்டும் அவரிடம் போக வேண்டும்.