தலையிடிக்கு முன்னே ஒரு சிறு சொல்



ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு முன் வரும் 'எ', 'அன்', 'த' என்ற சிறு சொற்களைப் பாடசாலையில் படித்திருப்போம். 'தலையிடிக்கிறது', 'தடிமன் பிடித்திருக்கிறது' என்று சொல்ல நமக்கு இப்படி எந்த முன்சொல்லும் தேவையில்லை. அதனால் வெளிநாடுகளில் வைத்தியரிடம் போகும் நம் பெண்களில் சிலர், எதை எங்கே போடுவது என்று யோசித்தே சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிடுகிறார்கள். பிழையாகப் பேசினால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். கூட வந்த கணவரோ பிள்ளையோ பேச, நோயாளி மௌனமாக இருக்கிறாள்.

இந்தக் கூச்சம் தேவையற்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் ஒரே மாதிரிப் பேசுவதில்லை.

தலையிடிக்கு 'எ ஹெட்ஏக்', தடிமனுக்கு 'எ கோல்ட்' என்பது பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொது. பல்வலி, காதுவலி, முதுகுவலி என்று வந்தால் வழி பிரிகிறது. பிரித்தானியர் பெரும்பாலும் வெறுமனே 'ரூத்ஏக்' என்பர். அமெரிக்கர் 'எ ரூத்ஏக்' என்பர். சளிக்காய்ச்சலை இரு நாட்டிலும் 'த புளூ' என்பர்; பிரித்தானியாவில் 'புளூ' என்று மட்டும் சொல்வதும் உண்டு. சின்னமுத்தை 'மீசில்ஸ்' என்றும் 'த மீசில்ஸ்' என்றும் சொல்லலாம். நீரிழிவு, தொய்வு, மலேரியா போன்றவற்றின் பெயர்களுக்குப் பொதுவாக முன்சொல்லே வேண்டாம்.

ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் 'த கோல்ட்', 'த ரூத்ஏக்' என்பாரும் உளர். அவ்விடங்களின் பழைய மொழிகளில் நோய்ப் பெயர்களுக்கு முன் 'த' போன்ற சொல் வருவதுண்டு. அந்த வழக்கே ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டது என்பது மொழியறிஞர் தரும் விளக்கம். தாய்மொழியின் சாயல் பேச்சில் விழுவது நமக்கு மட்டும் உரியதல்ல.

மேலே சொன்னவற்றில் முன்சொல் மாறினாலும் நோய் மாறுவதில்லை. பொருள் மாறும் இரண்டு இடங்களை மட்டும் நினைவில் வைத்திருங்கள். ஒன்று, 'எ ரெம்பரேச்சர்' இருக்கிறது என்று பிரித்தானியத் தாதி சொன்னால் காய்ச்சல் இருக்கிறது என்பதே பொருள். மற்றது, பிரித்தானியாவில் ஒருவர் 'இன் ஹொஸ்பிற்றல்' என்றால் வார்ட்டில் நோயாளியாக இருக்கிறார். 'இன் த ஹொஸ்பிற்றல்' என்றால் அந்தக் கட்டடத்தில் இருக்கிறார். யாரையாவது பார்க்கப் போனவராகவும் இருக்கலாம். அமெரிக்கரோ நோயாளியையும் 'இன் த ஹொஸ்பிற்றல்' என்றே சொல்வர். உறவினரிடமிருந்து இப்படிச் செய்தி வந்தால், பதறுமுன் எந்த நாட்டு வழக்கு என்று பாருங்கள்.

வைத்தியர் உங்கள் இலக்கணத்தைத் திருத்த அங்கு இருக்கவில்லை. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதே அவருக்குத் தேவை. அதையும் சொல்ல முடியாவிட்டால் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்கலாம். நேரம் பதியும்போதே கேட்பது நல்லது. பெண்களுக்குரிய நோய்களைப் பத்து வயதுப் பிள்ளையை வைத்து மொழிபெயர்க்க வேண்டிய அவசியமில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் சகோதரிக்கு அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது இதைச் சொல்லுங்கள். 'எ' விடுபட்டால் குறையொன்றுமில்லை. வலியைச் சொல்லாமல் விடுவதே ஆபத்து.