பெருக்கமா, பேரொலியா?

கீழப்பாவூரில் என் தாய்மாமா ஒரு காலத்தில் மைக் செட் நடத்தியவர். அவர் வீட்டுப் பரணில் கிடந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரை என் கிதாருக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். கிதார் கரகரத்து, நீண்டு அழ வேண்டும் என்பது என் ஆசை. பெரிய வால்வுகள் இன்னும் இரண்டு மாட்டச் சொன்னேன்.

"ஏ மருமவனே, ஒனக்குச் சத்தம் வேணுமா, கரகரப்பு வேணுமா?" என்றார் மாமா.

நண்பர்களே, பெருக்கம் வேறு, பேரொலி வேறு. ஒரு சிறு வால்வு பெருக்கியதை அடுத்த சிறு வால்வுக்கு ஊட்டினால், தாங்கும் அளவை மீறிய அலையின் முகடு வெட்டுப்படும். நாம் விரும்பும் கரகரப்பு அதுதான். பெரிய வால்வுகளைக் கூட்டினால் வாட்டுதான் கூடும். வீட்டில் வாசிக்க 15 வாட்டே மிகுதி.

1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷல் கடையினர், அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்து, பெரும்பாலும் தம் நாட்டில் கிடைத்த பாகங்களைக் கொண்டே தம் முதல் ஆம்ப்ளிஃபையரைச் செய்தனர். நாம் மட்டும் இறக்குமதிப் பெட்டிக்கு ஏன் கடன்பட வேண்டும்? மின்மாற்றிகள் நன்றாக உள்ள பழைய செட்டே போதும். முன்கட்டத்தில் இ.சி.சி.83 வால்வு ஒன்றைச் சேர்க்கலாம். ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் மின்தேக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். தொழில் தெரிந்தவர் துணையின்றித் திறக்காதீர்கள்.

மாமா ஒரே ஒரு சிறு வால்வைத்தான் சேர்த்தார். கிதார் அழுகிறது, எதிர்வீட்டுப் பாட்டி இன்னும் கதவைச் சாத்தவில்லை.